'ஐ7' என்று ஒரு கணினி கிடையாது

புதிதாக ஒரு டெஸ்க்டொப் கட்டப்போகிற தம்பி, தங்கைச்சிமார் எங்களிட்டைக் கேட்கிற கேள்வி அநேகமாக ஒரே அச்சில் வார்த்ததுதான். "அண்ணா, ஐ5 எடுக்கவோ, ஐ7 எடுக்கவோ?" நாங்கள் திருப்பி "எந்த ஜெனரேசன்?" என்று கேட்டால் மற்றப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு பதில் வரும்: "கடையில ஐ7 எண்டுதான் சொன்னவை."

கடையில் அப்படித்தான் சொல்லுவினம். வவுனியாவிலிருந்து பரந்தன் வரைக்கும் ஏ9 வீதியோரம் தொங்குகிற விளம்பரங்களைக் கொஞ்சம் நின்று வாசித்துப் பாருங்கோ. றாம் எத்தனை ஜிபி என்று இருக்கும். கண்ணாடிக் கேசுக்குள் எத்தனை நிறத்தில் லைற் எரியும் என்றுகூட இருக்கும். புரொசெசரின் முழு இலக்கம் மட்டும் இராது. அது மறதியில் விடுபட்டது என்று நாங்கள் நம்பவில்லை.

ஐ7 என்பது ஒரு சாமானின் பெயரில்லை, ஒரு குடும்பத்தின் பெயர். இன்ரெல் முதலாவது ஐ7ஐ வெளியிட்டது 2008 நவம்பரில். வன்னியில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. கிளிநொச்சி விழுந்தது அதற்கு இரண்டு மாதம் பிந்தி. அன்றைக்கு வந்ததும் ஐ7தான், பதினைந்து வருசம் கழித்து வந்ததும் ஐ7தான். இரண்டையும் பிரித்துக் காட்டுவது கோட்டுக்குப் பின்னால் வருகிற எண் ஒன்றுதான். கடைசி மூன்று இலக்கத்தை மூடிவிட்டு முன்னால் மிஞ்சுவதைப் பாருங்கோ. 2600 என்றால் இரண்டாம் தலைமுறை. 4770 என்றால் நாலாம் தலைமுறை. 8700 எட்டு, 12700 பன்னிரண்டு. மூன்றே மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது முதலாம் தலைமுறை, கும்பிட்டுவிட்டு வெளியால வாங்கோ.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுறம். ஐ7-4770 வந்தது 2013இல். நாலு கோர், எட்டுத் திரெட். ஐ3-12100 வந்தது 2022 ஜனவரியில். அதுக்கும் நாலு கோர், எட்டுத் திரெட். எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் ஒரு செக்கனுக்குள் ஒவ்வொரு கோரும் செய்து முடிக்கிற வேலை ஒன்றில்லை. இடையில் ஒன்பது வருசத்து முன்னேற்றம் கிடக்கிறது. அந்த 'சின்ன' ஐ3, இந்தப் 'பெரிய' ஐ7ஐ வெகு தூரம் பின்னுக்கு விட்டுவிட்டுப் போகும். வீடியோப் பக்கம் வந்தால் நிலைமை இன்னும் மோசம். இன்றைக்குப் போன்களில் எடுக்கிற வீடியோக்களில் கன எண்ணிக்கை எச்ஈவிசி முறையில் சுருக்கப்பட்டவை. யூரியூப்பில் ஓடுகிறவை விபி9, ஏவி1. இவற்றை விரிப்பதற்கென்றே தனிச் சுற்றை 12ஆம் தலைமுறை தன் கிராபிக்ஸ் பகுதிக்குள் வைத்திருக்கிறது. 4ஆம் தலைமுறையிடம் அது இல்லை. எல்லாவற்றையும் கோர்களே தலையில் சுமந்து செய்யவேணும். கலியாண வீடியோ எடிற் பண்ணலாம் என்று அப்பாவைக் கேட்டுக் காசு வாங்கின பெடியன், விசிறி கத்துற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

பழைய புரொசெசரை விற்பது குற்றம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுறம். ஒரு தொலைத்தொடர்பு நிலையத்தில் கடிதம் ரைப் பண்ணி, போட்டோக்கொப்பி எடுக்கிற வேலைக்கு 4ஆம் தலைமுறை தாராளமாகக் காணும். லினக்ஸ் போட்டால் இன்னும் கன காலம் ஓடும். 'இது பன்னிரண்டு வருசப் பழசு, அதுக்கேற்ற விலை இது' என்று சொல்லி விற்கிற கடைக்காரருக்கு எங்கள் வணக்கம். எங்கள் கோபம், பழசைப் புதுக் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டு, நாலு நிற லைற் எரியவைத்து, 'ஐ7' என்ற இரண்டு எழுத்தைத் தலையில் ஒட்டி, புதுசின் விலைக்குத் தள்ளிவிடுகிற ஆக்கள் மேலதான்.

இது இப்போது கூடியிருக்கிறதற்குக் காரணம் இருக்கு. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ற் 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11, இன்ரெல் என்றால் 8ஆம் தலைமுறைக்கு மேலும், ஏஎம்டி என்றால் றைசன் 2000 வரிசைக்கு மேலும்தான் முறைப்படி ஏற்கும். அதற்குக் கீழே இருக்கிற பல கோடிக் கணினிகளை உலகம் முழுவதும் அலுவலகங்கள் கழற்றி எறிகின்றன. கழற்றி எறிந்தது எங்கேயோ போகத்தானே வேணும்? கப்பல் ஏறி, சந்தை மாறி, கடைசியில் 'ரீகண்டிசன்' என்ற பெயரோடு எங்கள் ஊர் மேசையில் வந்து குந்துகிறது. விண்டோஸ் 11ஐ ஏதோ ஒரு வழியால் ஏத்தியும் தருவினம். பெரிய புதுப்பிப்பு ஒன்று வரும்போது அது ஏறுமோ ஏறாதோ என்பது வாங்கினவரின் தலைவிதி.

இது ஒரு பக்கத்து ஏமாற்று. மற்றப் பக்கத்து ஏமாற்று இதைவிட நாகரிகமானது. அதை யூரியூப்பில் ஆங்கிலத்திலும் நல்ல தமிழிலும் சொல்லித் தருகினம்.

"புதுசா வந்ததை எடுங்கோ, ஃபியூச்சர் புரூஃப்." சென்னையிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருகிற வீடியோக்களில் இந்த மந்திரம் ஓயாது. அவைக்கு ஒவ்வொரு தலைமுறைக்கும் கொம்பனி பெட்டி அனுப்பும். எங்களுக்கு ஆர் அனுப்புறது? சிறுபோக நெல்லு வித்த காசு, அல்லது அம்மா அடகு வைத்த சங்கிலி, அல்லது கனடாவில் இருக்கிற சித்தப்பா ஒருமுறை மட்டும் அனுப்பின காசு. இந்த ஊரில் ஒரு கணினி என்பது ஆறு, ஏழு வருசத்துக்கு ஒருமுறை நடக்கிற சங்கதி. சில வீட்டில் நுண்கடன் எடுத்து நடக்கிற சங்கதி. நுண்கடன் வன்னிப் பெண்களை என்ன பாடு படுத்தியது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தக் காசில் வாங்குகிற சாமானுக்கு 'லேட்டஸ்ட்' என்ற ஒரு சொல் நியாயமாகாது.

புதுத் தலைமுறை என்று விற்கிறதற்குள்ளே உண்மையில் என்ன புதுசு இருக்கிறது என்று பார்ப்பம். ஐ3-12100க்கு நாலு கோர், எட்டுத் திரெட், உச்ச வேகம் 4.3 கிகாஹேட்ஸ். அடுத்த வருசம் வந்த 13100க்கும் நாலு கோர், எட்டுத் திரெட். வேகம் 4.5. அதற்கடுத்த 14100? அதே நாலு, அதே எட்டு. வேகம் 4.7. மூன்று 'தலைமுறை' கடந்து வந்த வித்தியாசம் 0.4. ஐ5-13400க்கும் 14400க்கும் இடையில் கோரும் திரெட்டும் ஒன்று, வேகத்தில் 0.1 மட்டும் கூட. ஒரு வீட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே சட்டையைத் தைத்துவிட்டு, தம்பியின் சட்டைக்கு ஒரு பொத்தானை மாற்றினால் அது புது மோஸ்தராகிவிடுமோ? 2023 ஒக்ரோபரில் 14ஆம் தலைமுறை வந்தபோது வெளிநாட்டு விமர்சகர்களே இதைச் சொல்லிச் சிரித்தார்கள். எங்கள் கடைகளில் மட்டும் 14 என்பது 12ஐவிட இரண்டு படி பெரிது என்று விலை வைத்து விற்கப்பட்டது, இன்னும் விற்கப்படுகிறது.

சிரிப்போடு முடிந்திருந்தால் பரவாயில்லை. 13ஆம், 14ஆம் தலைமுறைகளின் மேல்தட்டு ஐ5, ஐ7, ஐ9 புரொசெசர்கள் தங்களுக்குத் தேவையானதைவிடக் கூடின மின்னழுத்தத்தை எடுத்து, காலப்போக்கில் தங்களைத் தாங்களே கெடுத்துக்கொள்கின்றன என்பது 2024இல் வெளியே வந்தது. விளையாட்டு இடையில் நிற்கும், கணினி நீலத்திரை காட்டும், ஏன் என்று ஒருவருக்கும் விளங்காது. இன்ரெல் 2024 ஓகஸ்டிலும் செப்ரெம்பரிலும் பயோசுக்கான திருத்தங்களை வெளியிட்டது. பெட்டியோடு விற்ற புரொசெசர்களுக்கு உத்தரவாதத்தை இன்னும் இரண்டு வருசம் நீட்டியது. ஏற்கெனவே கெட்டுப்போனதை அந்தத் திருத்தம் குணமாக்காது என்பதையும் ஒப்புக்கொண்டது.

இந்தச் செய்தியை வன்னியில் வைத்து ஒருமுறை யோசியுங்கோ. திருத்தத்தைப் போடவேணும் என்றால் பயோசை அப்டேற் பண்ணவேணும். அது பாதியில் இருக்கிறபோது கறண்ட் போனால் பல மதர்போட்டுகள் அப்படியே செத்துப்போகும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு பாய்ந்தது என்று அமைச்சரே சொல்ல, முழு இலங்கையும் இருண்ட நாடு இது. அமெரிக்காவில் இருக்கிறவன் 'பயோசை அப்டேற் பண்ணுங்கோ' என்று ஒரு வசனத்தில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். மல்லாவியில் இருக்கிறவள் முதலில் ஒரு யூபிஎஸ் தேடவேணும். பிறகு அந்த உத்தரவாதம். கெட்ட புரொசெசரைக் கழற்றி, கடைக்குக் கொண்டுபோய், கடைக்காரர் கொழும்புக்கு அனுப்பி, 300 கிலோமீற்றருக்கு மேல் போய், அங்கே 'பாத்துச் சொல்லுறம்' என்று கிடந்து, திரும்பி வருகிறதுக்கிடையில் ஒரு தவணைப் பரீட்சையே முடிந்துவிடும். அதிலும் கன பேர் வாங்கினது பெட்டியில்லாத 'றே' புரொசெசர். அதுக்கு உத்தரவாதம் கொம்பனியிட்டை இல்லை, வித்தவரின் வாயிலதான்.

ஆகவே எங்கள் வாதம் இதுதான். பழசா, புதுசா என்று கேட்பது பிழையான கேள்வி. எந்தச் சொக்கெற்றில் வந்து குந்துகிறது, அந்தச் சொக்கெற்றுக்கு முன்னாலும் பின்னாலும் எத்தனை வருச வழி இருக்கிறது என்று கேளுங்கோ.

எங்கள் அப்பாமாருக்கு இது புதுப் பாடமில்லை. இரணைமடுவை நம்பி வயல் செய்கிற ஒருவர் உழவு இயந்திரம் வாங்கப்போனால் முதல் கேள்வி குதிரைவலு இல்லை. 'உதிரிப்பாகம் கிளிநொச்சியில கிடைக்குமோ? திருத்த ஆள் இருக்கோ?' என்பதுதான். மாசி பெர்கூசன் இன்றைக்கும் வயலில் நிற்கிறதுக்குக் காரணம் அதன் அழகில்லை. பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் பற்றறி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட சனம் இது. நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணையில் மோட்டார்சைக்கிள் ஓடின சனம். ஒரு சாமானைத் திறந்து, அதுக்குள்ள எது எதோட பொருந்தும் என்று பார்க்கிற புத்தி எங்களுக்கு வெளியால இருந்து வரவேண்டியதில்லை. கணினி என்றவுடன் மட்டும் ஏன் அந்தப் புத்தியைக் கடை வாசலில் செருப்போடு கழற்றி வைக்கிறம்?

சொக்கெற் விசயத்தில் இரண்டு கொம்பனிக்கும் வரலாறு இருக்கு. 2017 ஜனவரியில் இன்ரெல் 7ஆம் தலைமுறையை டெஸ்க்டொப்புக்கு விட்டது. அதே வருசம் ஒக்ரோபரில் 8ஆம் தலைமுறை. சொக்கெற்றின் பெயர் எல்ஜிஏ 1151, இரண்டுக்கும் ஒன்று. உருவமும் ஒன்று. வைத்தால் குந்தும். ஆனால் வேலை செய்யாது, புது மதர்போட் வாங்கவேணும். ஜனவரியில் வாங்கினவனுக்கு ஒன்பது மாதத்தில் வழி அடைப்பட்டது. அந்த 8ஆம் தலைமுறையின் ஐ3க்கே நாலு கோர் கொடுத்தார்கள். அதுவரைக்கும் நாலு கோருக்கு ஐ5இன் விலை கேட்டவர்கள் அவர்கள்தான். போட்டியாக றைசன் வந்திராவிட்டால் அந்த நாலு கோரும் வந்திருக்காது என்பது எங்கள் எண்ணம்.

ஏஎம்டி 2017 மார்ச்சில் முதல் றைசனை ஏஎம்4 சொக்கெற்றில் விட்டது. 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டியையும் அதே சொக்கெற்றில்தான் விட்டது. 2017இல் வாங்கின மதர்போட்டில் பயோசை மாற்றிவிட்டு 2022இன் புரொசெசரைப் போடலாம். 2024இலும் அந்தச் சொக்கெற்றுக்குப் புதுப் புரொசெசர் வந்தது. இதை ஏஎம்டியின் தங்கக் குணம் என்று நினைத்துவிடாதேங்கோ. 2020 மே மாதம் அவையும், 400 வரிசை மதர்போட்டுகளுக்கு அடுத்த தலைமுறை கிடையாது என்றுதான் அறிவித்தார்கள். வாங்கின சனம் உலகம் முழுக்க நின்று சண்டை பிடித்தது. அதே மாதத்துக்குள் முடிவை மாற்றினார்கள். பெயரிலும் விளையாடுவினம். றைசன் 5 5600க்கு மூன்றாம் மட்ட நினைவகம் 32 எம்பி, 5500க்கு 16 எம்பி. 4500 என்று ஒன்று வந்தது 2022இல், உள்ளே இருப்பது அதற்கு முந்தின தலைமுறைக் கோர். திகதியைப் பார்த்து வாங்கினாலும் ஏமாறலாம். கொம்பனிக்கு விசுவாசம் காட்டுகிற ஆக்களாக நாங்கள் இல்லை.

இப்ப என்ன எடுக்கலாம் என்று கேட்டால், ஒரு தடங்கல் புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது. றாம். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025இன் பிற்பகுதியிலிருந்து உலகம் முழுக்க றாம் விலை ஏறிவிட்டது. மைக்ரோன் கொம்பனி, சாதாரண சனம் வாங்குகிற தன் 'குரூசல்' வியாபாரத்தையே விடப்போவதாக 2025 டிசெம்பரில் அறிவித்தது. கலிபோர்னியாவில் ஆரோ ஒரு இயந்திரத்தோடு கதைக்கிறதுக்காக விசுவமடுவில் ஒரு பிள்ளை 16 ஜிபிக்குப் பதிலாக 8 ஜிபியோடு இருக்கவேண்டியிருக்கிறது. இதில் டொலரின் கதையும் இருக்கு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பிறகு இறங்கியும் பழைய இடத்துக்கு வரவில்லை. அமெரிக்கவிலையில் 'கொஞ்சம்தான் கூட' என்று சொல்லப்படுகிற வித்தியாசம் இங்கே கொஞ்சமாக இருப்பதில்லை.

இந்த நிலையில் எங்கள் நிலைப்பாடு: படிப்பு, நிரல் எழுதுதல், வடிவமைப்பு, நடுத்தர வீடியோ வேலை என்றால் 12ஆம் தலைமுறை ஐ5-12400ஐ டிடிஆர்4 ஏற்கிற மதர்போட்டோடு எடுங்கோ. கை இறுக்கம் என்றால் 12100. ஆறு கோரும் பன்னிரண்டு திரெட்டும் உள்ள 12400 இன்னும் கன வருசத்துக்குப் பின்நிற்காது. அதே சொக்கெற்றில் பிறகு 13, 14ஐயும் போடலாம். ஏஎம்4 பக்கம் றைசன் 5600, அல்லது கிராபிக்ஸ் காட் இல்லாதவர்களுக்கு 5600ஜி. ஆருக்காவது பாவித்த டிடிஆர்4 றாம் வீட்டில் கிடந்தால் அதையே போடுங்கோ, வெக்கம் ஒன்றுமில்லை.

ஏஎம்5? அது நல்ல சொக்கெற். 2022இல் வந்தது. 2027 வரைக்கும் அதற்கு அப்பாலும் ஆதரிப்பம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் அது டிடிஆர்5ஐ மட்டும்தான் ஏற்கும். வருமானம் வருகிற தொழிலுக்கு வாங்குகிறவர், நாலு வருசம் கழித்துப் புரொசெசரை மட்டும் மாற்றுவேன் என்று திட்டத்தோடு இருக்கிறவர், எடுக்கலாம். அவருக்கு நாங்கள் குறுக்கே நிற்கமாட்டம். இன்ரெல்லின் 'கோர் அல்ட்ரா 200' வரிசையைப் பற்றி நீட்டத் தேவையில்லை. 2024 ஒக்ரோபரில் புதுச் சொக்கெற்றோடு வந்தது. விளையாட்டில் தன் அண்ணனையே கன இடத்தில் முந்தமுடியவில்லை. அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எங்களை நோக்கி ஒரு கல் வரும். வரவேண்டிய கல்தான். "ஓமோம், வன்னிப் பிள்ளையளுக்கு நாலு வருசப் பழசு காணும் எண்டுறீங்களோ? கொழும்புக்காரன் புதுசு வாங்கலாம், நாங்கள் மட்டும் 12ஆம் தலைமுறையோ?"

இந்தக் கேள்விக்குள் இருக்கிற காயத்தை நாங்கள் அறிவம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்து, முகாமில் இருந்து, தகரக் கொட்டிலில் தொடங்கின சனத்துக்கு 'உங்களுக்கு இது காணும்' என்று சொன்னவர்கள் கன பேர். வீட்டுத்திட்டத்திலும் சொன்னார்கள், வீதியிலும் சொன்னார்கள். கணினியில் இன்னும் கூடுதலாகச் சொன்னார்கள். பள்ளிக்கூடங்களுக்கு வந்து இறங்குகிற 'கணினி அன்பளிப்பு'களைப் பாருங்கோ. ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு அலுவலகம் கழித்துவிட்ட பெட்டிகள். பன்னீர் தெளித்து, நாடா வெட்டி, அதிபருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து, முகப்புத்தகத்தில் போட்டு முடித்துவிடுவினம். உள்ளே என்ன புரொசெசர் என்று அந்தப் படத்தில் ஒருவரும் எழுதியதில்லை. கொஞ்ச மாதத்தில் அரைவாசி எழும்பாது. எழும்புகிறதில் பிள்ளை ஒரு மென்பொருளைத் திறந்துவிட்டு, அது திறபடுகிறதுக்கிடையில் பாட நேரம் முடிந்து மணி அடிக்கும். 'தகவல் தொழில்நுட்பம் கஷ்டமான பாடம்' என்று அந்தப் பிள்ளை நினைக்கும். கஷ்டம் பாடத்தில் இல்லை, பெட்டியில் இருக்கு என்று அதுக்கு ஆர் சொல்லுறது?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று ஒரு பழமொழி இருக்கு. நாங்கள் சொல்லுறம், பிடித்துப் பாருங்கோ. 8ஆம் தலைமுறைக்குக் கீழே உள்ள பெட்டி வருகுது என்றால் 'நன்றி, இதுக்குப் பதிலாக நாலு எஸ்எஸ்டி வாங்கித் தாங்கோ' என்று சொல்லுகிற அதிபர் ஒருவர் வேணும். பத்துப் பழசுக்குப் பதிலாக மூன்று புதுசு தாங்கோ என்று கேட்கிற பழைய மாணவர் சங்கம் வேணும். புலம்பெயர்ந்த உறவுகளும் கோபிக்கவேண்டாம். உங்கள் மனசு பெரிசு. ஆனால் உங்கள் ஊரில் குப்பைக்குப் போகவேண்டியதை எங்கள் ஊருக்குக் கப்பலேற்றுகிற செலவில், இங்கேயே ஒரு 12100 வாங்கலாம்.

ஆகவே 'காணும்' என்ற சொல்லை நாங்கள் சொல்லவில்லை. 12400 எங்களுக்குக் காணும் என்பதால் அதை எடுக்கச் சொல்லவில்லை. 14ஆம் தலைமுறைக்குக் கொடுக்கிற மிச்சக் காசை றாமில், எஸ்எஸ்டியில், நல்ல பவர் சப்ளையில், யூபிஎஸ்ஸில் போட்டால் அந்தக் கணினி கொழும்பில் கூடின காசுக்குக் கட்டின கணினியைவிட நன்றாக ஓடும் என்பதால் சொல்லுறம். அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிற பிள்ளையும், பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளையும் ஆருக்கும் குறைந்த மென்பொருளைப் பாவிக்கவில்லை. அவர்களுக்குக் குறைந்த பெட்டி தேவையுமில்லை. தலைமுறை எண்ணுக்குக் காசு கொடுப்பதும் பெருமையில்லை, கழிவை வாங்குவதும் பணிவில்லை.

வெயிலையும் மறக்காதேங்கோ. பங்குனி, சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் இருந்தவைக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. ஐ9-14900கே உச்சத்தில் 253 வாற் எடுக்கும். அது முழுவதும் சூடாகத்தான் வெளியே வரும். 12400 உச்சத்திலும் அதில் அரைவாசிக்குக் கீழே. வெள்ளை ரைல் போட்ட, ஏசி பூட்டின அறையில் செய்த பரிசோதனை முடிவை, செம்மண் தூசி நிரம்பின எங்கள் அறைக்குப் பொருத்திப் பார்க்க முடியாது. மாதத்துக்கு ஒருக்கா விசிறியின் தூசியைத் தட்டுங்கோ. மாரியில் வெள்ளம் ஏறுகிற வீடென்றால் கேசை நிலத்தில் வைக்காதேங்கோ.

கடைக்குப் போகமுதல் இன்னும் ஒன்று. இலக்கத்தின் முடிவில் நிற்கிற எழுத்தையும் வாசியுங்கோ. ஐ5-12400எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. றைசன் 5600க்கும் இல்லை. தனியாகக் கிராபிக்ஸ் காட் வாங்காமல் அதைக் கொண்டுபோனால் திரையில் ஒன்றும் வராது. எஃப் கொஞ்சம் மலிவு என்பதால் அதைத் தலையில் கட்டிவிட்டு, அடுத்த நாள் 'காட் இல்லாமல் ஓடாது தம்பி' என்று சொல்லி, எங்கேயோ கழற்றின ஒரு பழைய காட்டையும் விற்கிற வித்தை நடக்கிறது. பயோஸ் விசயமும் அப்படித்தான். பழைய ஏஎம்4 மதர்போட்டில் 5600 போடப்போகிறீர்கள் என்றால், பயோசை அப்டேற் பண்ணி, கடையிலேயே திரையில் எழும்பிக் காட்டச் சொல்லுங்கோ. கறண்ட் போகிற ஆபத்து அவையின்ர மேசையில் நடக்கட்டும்.

பில்லில் புரொசெசரின் முழு இலக்கம், மதர்போட்டின் முழுப் பெயர், றாமின் வகை, பவர் சப்ளையின் பெயர் நாலும் எழுதி வாங்குங்கோ. புதுசா, பாவித்ததா, பெட்டியோடா, றேயா என்பதும் அதில் இருக்கவேணும். "ஐ7 எண்டு போட்டால் காணும்தானே தம்பி" என்று சொல்லுகிற கடையில் காசை எடுக்காதேங்கோ. வெளியால வந்தால் வவுனியாப் பஸ்ஸும் வரும், யாழ்ப்பாணப் பஸ்ஸும் வரும். எது முதல் வருகுதோ அதில் ஏறுங்கோ.